இந்த மடலை அனுப்பியது யார்?

மின்னஞ்சலில் 'அனுப்புநர்' என்று தெரியும் பெயரை அனுப்புகிறவரே எழுதிக்கொள்கிறார். அவர் உங்கள் வங்கியின் பெயரை எழுதலாம், அலுவலகத்தின் பெயரை எழுதலாம், உங்கள் பெயரையே எழுதி உங்களுக்கே அனுப்பலாம். மடலைச் சுமந்து செல்லும் அடிப்படை நெறிமுறையில் இதைத் தடுக்க ஒரு வரிகூட இல்லை. ஆனாலும் இன்று ஒரு பெரிய வங்கியின் முகவரியை அப்படியே போட்டுப் போலி மடல் அனுப்பினால் அது பெரும்பாலும் போய்ச் சேர்வதில்லை. அதே சமயம், சொந்தமாக ஒரு மெயில் சர்வர் நிறுவி, நேர்மையாகத் தன் பெயரில் எழுதுகிறவரின் கடிதம்கூட ஸ்பாம் பெட்டிக்குள் போய் விழுந்துவிடுகிறது.

இரண்டுக்கும் காரணம் ஒன்றே. மடலில் எழுதிய பெயருக்குச் சான்று கேட்கும் ஏற்பாடுகள் கடந்த கால் நூற்றாண்டில் ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்ந்திருக்கின்றன. ஒவ்வொன்றும் அந்தப் பெயரைப் பற்றி ஒரு கேள்வியைக் கேட்கிறது. எல்லாக் கேள்விக்கும் பதில் வைத்திருக்கும் சர்வர், எவ்வளவு சிறியதானாலும், உலகத்தோடு நேரடியாக மடல் பரிமாறிக்கொள்ள முடியும்.

உறையும் கடிதமும்

1982 ஆகஸ்டில் ஜான் போஸ்டல் எழுதிய ஆர்.எஃப்.சி. 821 என்ற ஆவணம், மடலைச் சுமந்து செல்லும் எஸ்.எம்.டி.பி. நெறிமுறையை வரையறுத்தது. அப்போது ஆர்பாநெட் வலையில் இருந்தவை சில நூறு கணினிகள். பல்கலைக்கழகங்களும் ஆய்வுக்கூடங்களும் அமெரிக்க ராணுவ அலுவலகங்களும் அவற்றை நடத்தின. அந்தச் சிறிய உலகத்தில் மடல் தவறாமல் போய்ச் சேர வேண்டும் என்பதே பெரிய கவலையாக இருந்தது. அனுப்புகிறவரைச் சந்தேகிக்க வேண்டிய தேவை அங்கே எழவில்லை.

இரண்டு சர்வர்களுக்கு இடையே நடக்கும் உரையாடல் மிக எளிது. அனுப்பும் சர்வர் 'ஹெலோ' என்று தொடங்கித் தன் பெயரைச் சொல்லும். அடுத்து 'மெயில் ஃப்ரம்' என்று அனுப்புநரின் முகவரியைச் சொல்லும். மடல் சேராவிட்டால் செய்தி திரும்பி வர வேண்டிய முகவரி அது. பிறகு 'ஆர்.சி.பி.டி. டு' என்று பெறுநரின் முகவரியைச் சொல்லும். எதிர்முனை ஒவ்வொன்றுக்கும் 250 என்ற எண்ணைப் பதிலாகத் தரும். சரி, ஏற்றுக்கொண்டேன் என்று அதற்குப் பொருள். கடைசியில் 'டேட்டா' என்ற கட்டளையோடு மடல் முழுவதும் போகும். அந்த மடலுக்குள்ளும் 'ஃப்ரம்', 'டு', 'சப்ஜெக்ட்' என்று தலைப்பு வரிகள் இருக்கும்.

ஆக, அனுப்புநரின் பெயர் இரண்டு இடங்களில் வருகிறது. தபால் உறையின் மேல் எழுதுவது ஒன்று, உள்ளே இருக்கும் கடிதத்தில் எழுதுவது இன்னொன்று. இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டும் என்று நெறிமுறை சொல்லவில்லை. உறையைப் பார்ப்பவை சர்வர்கள். நம் திரையில் தெரிவது கடிதத்தில் இருக்கும் பெயர். இந்த ஒரு வேறுபாட்டை மனத்தில் இருத்திக்கொண்டால் இனி வரும் எல்லாமே எளிதில் விளங்கும்.

முதல் கேள்வி: நீ நம் பயனரா?

1990களின் நடுப்பகுதி வரை பல மெயில் சர்வர்கள், யார் எந்த மடலைக் கொடுத்தாலும் வாங்கி உரிய இடத்துக்கு அனுப்பிவைத்தன. இணைப்புகள் அடிக்கடி அறுந்த காலத்தில் இப்படி ஒருவர் மடலை மற்றவர் கடத்திக் கொடுப்பது பரஸ்பர உதவி. இணையம் வணிகத்துக்குத் திறந்ததும் விளம்பர மடல் அனுப்புவோர் இந்தத் திறந்த சர்வர்களைத் தேடிப் பிடித்து லட்சக்கணக்கில் மடல்களைக் கொட்டினார்கள். அன்று பெரும்பாலான சர்வர்களில் இயங்கிய சென்ட்மெயில் மென்பொருள், 1998இல் வந்த தன் 8.9 பதிப்பில், வெளியாள் மடலைக் கடத்துவதை இயல்பாகவே மறுக்கும்படி மாறியது.

அப்படியானால் சொந்தப் பயனர் வெளியூரிலிருந்து தன் சர்வர் வழியாக மடல் அனுப்புவது எப்படி? 1998 டிசம்பரில் வந்த ஒரு தர ஆவணம் இரண்டு வேலைகளையும் பிரித்தது. சர்வருக்கும் சர்வருக்கும் இடையே பழைய 25ஆம் போர்ட் என்ற இணைப்பு வாயில். பயனர் தன் சர்வரிடம் மடலை ஒப்படைக்க 587ஆம் போர்ட். மறு ஆண்டு, எஸ்.எம்.டி.பி. உரையாடலுக்குள்ளேயே பயனர் பெயரும் கடவுச்சொல்லும் கேட்கும் 'ஆத்' என்ற நீட்சி வந்தது. 2018இல் வந்த பரிந்துரை, தொடக்கத்திலிருந்தே மறையாக்கத்தோடு பேசும் 465ஆம் போர்ட்டை இந்த வேலைக்கு முன்னிறுத்தியது.

சொந்த சர்வர் நடத்துகிறவர்களிடையே பரவலாக உள்ள ஓர் அமைப்பை எடுத்துக்கொள்வோம். மடல்களை அனுப்பவும் பெறவும் வீட்ஸே வெனிமா ஐ.பி.எம். ஆய்வுக்கூடத்தில் உருவாக்கிய போஸ்ட்ஃபிக்ஸ். பயனரின் கடவுச்சொல்லைச் சரிபார்க்க டவ்காட். பயனரின் செயலி 587 அல்லது 465இல் இணையும். டி.எல்.எஸ். மறையாக்கம் அமைந்த பிறகுதான் சர்வர் கடவுச்சொல்லைக் கேட்க வேண்டும். அதற்கு முன் கேட்டால் வழியில் இருப்பவர் அதைப் படித்துவிடலாம். 25ஆம் போர்ட்டில் கடவுச்சொல் நுழைவையே மூடிவிடுவது நல்லது. இன்னொரு சிறிய அமைப்பும் முக்கியம்: எந்தப் பயனர் எந்த முகவரியில் அனுப்பலாம் என்ற பட்டியலை போஸ்ட்ஃபிக்ஸிடம் கொடுத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் ஒரே அலுவலகத்தில் கடைநிலை ஊழியரின் கணக்கைத் திருடியவர் மேலாளரின் முகவரியில் மடல் அனுப்பிவிடுவார்.

இவ்வளவும் நம் சர்வர் நம் பயனரைத் தெரிந்துகொள்ளும் ஏற்பாடு. வெளியுலகம் நம் சர்வரைத் தெரிந்துகொள்வது இதைவிடக் கடினம்.

இரண்டாவது கேள்வி: இந்த முகவரி உன்னுடையதா?

நம் சர்வர் இன்னொரு சர்வரை அணுகும்போது எதிர்முனைக்கு உறுதியாகத் தெரிவது ஒன்றே ஒன்று: அழைப்பு வந்த ஐ.பி. முகவரி. எனவே அது முதலில் அந்த எண்ணுக்கு உரிய பெயரை, பெயர்களையும் எண்களையும் இணைக்கும் டி.என்.எஸ். என்ற பொதுப் பதிவேட்டில் தேடுகிறது. பி.டி.ஆர். பதிவு என்ற இந்தத் தலைகீழ்ப் பதிவை டொமைன் வாங்கிய இடத்தில் எழுத முடியாது. ஐ.பி. முகவரியைத் தந்த நிறுவனத்தின் பக்கத்தில்தான் அமைக்க வேண்டும். புதிதாக சர்வர் நிறுவுகிறவர்கள் பலர் தடுமாறுவது இந்த இடத்தில். எண்ணிலிருந்து கிடைக்கும் பெயர், அந்தப் பெயரைத் தேடினால் கிடைக்கும் எண், 'ஹெலோ'வில் சொன்ன பெயர் ஆகிய மூன்றும் ஒத்துப்போக வேண்டும்.

வீட்டு பிராட்பேண்ட் இணைப்பில் இது ஏறக்குறைய நடக்காத காரியம். அந்த ஐ.பி. வரிசைகளிலிருந்து மெயில் சர்வர்கள் இயங்குவதை யாரும் எதிர்பார்ப்பதில்லை. ஸ்பாமை எதிர்க்கும் ஸ்பாம்ஹவுஸ் போன்ற அமைப்புகள் அவற்றுக்கென்றே ஒரு பட்டியல் வைத்திருக்கின்றன. கிளவுட் நிறுவனங்கள் பலவும் வெளிச்செல்லும் 25ஆம் போர்ட்டை அடைத்தே வைத்திருக்கும். கேட்டுத்தான் திறக்கச் சொல்ல வேண்டும். இடம் வாடகைக்கு எடுக்கும் முன்பே தலைகீழ்ப் பதிவு, 25ஆம் போர்ட் இரண்டையும் பற்றி விசாரித்துவிடுவது பின்னால் வரும் அலைச்சலைத் தவிர்க்கும்.

ஐ.பி. முகவரியும் சர்வர் பெயரும் பொருந்திவிட்டன. அந்த சர்வர் உங்கள் டொமைன் பெயரில் அனுப்ப உரிமை பெற்றதா? இதற்காக வந்தது எஸ்.பி.எஃப். மெங் வெங் வோங் 2003இல் முன்னெடுத்த இந்த முறை 2006இல் ஆவணமாகி 2014இல் திருத்தப்பட்டது. டொமைனின் உரிமையாளர் தன் டி.என்.எஸ்.-இல் ஒரு உரைப் பதிவு எழுதுகிறார்: என் பெயரில் மடல் அனுப்பும் ஐ.பி. முகவரிகள் இவை, மற்றவற்றை மறுத்துவிடு. பெறும் சர்வர், உறையில் இருக்கும் டொமைனின் பதிவைப் படித்து, அழைப்பு வந்த எண் அதில் உண்டா என்று பார்க்கிறது. டொமைனின் டி.என்.எஸ்.-இல் எழுத அதன் உரிமையாளரால் மட்டுமே முடியும். சான்றின் வலிமை முழுவதும் அதில்தான் இருக்கிறது.

இந்தப் பதிவில் மற்ற சேவைகளின் பட்டியலையும் சேர்த்துக்கொள்ளலாம். ஒன்று இன்னொன்றைச் சுட்டி, அது மற்றொன்றைச் சுட்டிக்கொண்டே போனால் பெறும் சர்வரின் வேலை பெருகும் என்பதால், கூடுதல் டி.என்.எஸ். தேடல்கள் 10ஐத் தாண்டக் கூடாது என்று விதி இருக்கிறது. தாண்டினால் முழுப் பதிவும் பிழையாகிவிடும். செய்திமடல் சேவை, கணக்கு மென்பொருள், வாடிக்கையாளர் உதவி மென்பொருள் என்று ஒவ்வொன்றாகச் சேர்த்துக்கொண்டே போகும் நிறுவனங்கள் இந்த எல்லையில் வந்து முட்டிக்கொள்வது வழக்கம்.

எஸ்.பி.எஃப்.-க்கு இரண்டு குறைகள் உண்டு. ஒருவர் தன் பழைய முகவரிக்கு வரும் மடல்களைப் புதிய முகவரிக்குத் திருப்பிவிட்டிருந்தால், மடல் இடையிலுள்ள சர்வரின் ஐ.பி. முகவரியிலிருந்து வந்து சேரும். பட்டியலில் அந்த எண் இருக்காது. அடுத்தது, அது உறையை மட்டுமே சோதிக்கிறது. மோசடிக்காரர் உறையில் தன் சொந்த டொமைனை நேர்மையாக எழுதிவிட்டு, உள்ளே கடிதத்தில் வங்கியின் பெயரை எழுதினால் எஸ்.பி.எஃப். தேர்ச்சி என்றே சொல்லும்.

மூன்றாவது கேள்வி: இதில் உன் கையொப்பம் உண்டா?

அனுப்பும் சர்வரின் எண்ணை விட்டுவிட்டு மடலிலேயே சான்றைப் பதித்துவிட்டால் எத்தனை சர்வர்களைக் கடந்து போனாலும் அது கூடவே வருமே! யாகூவில் மார்க் டெலானி 'டொமைன்கீஸ்' என்ற முறையை உருவாக்கினார். சிஸ்கோவில் இதையொத்த இன்னொரு முறை உருவாகியிருந்தது. இரண்டும் இணைந்து 2007இல் வெளிவந்ததே டிகிம்.

சர்வர் ஒரு சாவி ஜோடியை உருவாக்கிக்கொள்கிறது. தனிச்சாவி சர்வரை விட்டு வெளியே போகாது. பொதுச்சாவி டி.என்.எஸ்.-இல் யாரும் படிக்கும்படி வெளியிடப்படும். மடல் ஒன்று புறப்படும்போது அதன் உடல் பகுதி முழுவதையும் ஷா-256 என்ற கணிப்புக்கு உட்படுத்தினால் 256 பிட் நீளமுள்ள ஒரு சுருக்கம் கிடைக்கும். மடலில் ஓர் எழுத்து மாறினாலும் அந்தச் சுருக்கம் முற்றிலும் வேறாகிவிடும். இந்தச் சுருக்கத்தையும், அனுப்புநர், பொருள், தேதி போன்ற தலைப்பு வரிகளையும் சேர்த்துத் தனிச்சாவியால் கையொப்பமிட்டு, அதை மடலின் தலையில் ஒரு புதிய வரியாகச் சேர்க்கிறது சர்வர். பெறுபவர் பொதுச்சாவியை எடுத்துச் சரிபார்க்கிறார். பொருந்தினால் இரண்டு செய்திகள் உறுதி: கையொப்பமிட்டது அந்த டொமைனின் சாவி, கையொப்பமிட்ட பகுதி வழியில் மாறவில்லை.

இந்த இடத்தில் எனக்குப் பெரிதாகத் தோன்றுவது, இதற்கு எந்த மேலதிகாரமும் தேவைப்படவில்லை என்பது. சாவிக்குச் சான்றிதழ் தர ஒரு நிறுவனம் இல்லை, கட்டணம் இல்லை, அனுமதி இல்லை. ஊர் நூலகம் ஒன்றின் சர்வர் இடும் கையொப்பமும் உலகின் மிகப் பெரிய நிறுவனம் இடும் கையொப்பமும் ஒரே கணிதத்தால் சரிபார்க்கப்படுகின்றன.

சாவியின் நீளத்தில் அலட்சியம் கூடாது என்பதற்கு ஒரு புகழ்பெற்ற சான்று இருக்கிறது. 2011 டிசம்பரில் ஸாக்கரி ஹாரிஸ் என்ற அமெரிக்கக் கணிதவியலருக்கு கூகுளிலிருந்து வேலை வாய்ப்பு பற்றி ஒரு மடல் வந்தது. அது உண்மையானதா என்று ஆராய்ந்தவர், கூகுளின் டிகிம் சாவி வெறும் 512 பிட் நீளமே இருப்பதைக் கண்டார். நீண்ட நாள் பயன்படும் சாவி 1024 பிட்டுக்குக் குறையக் கூடாது என்று தர ஆவணம் அப்போதே சொல்லியிருந்தது. இது வேலைக்கு வருகிறவர்களின் திறமையைச் சோதிக்கும் புதிராக இருக்கும் என்று நினைத்து, வாடகைக் கணினிகளின் உதவியால் அந்தச் சாவியை உடைத்தார். செலவு சுமார் 75 டாலர், நேரம் சுமார் 72 மணி. பிறகு கூகுளின் நிறுவனர்களில் ஒருவர் மற்றவருக்கு எழுதியதுபோல் மடல் அனுப்பினார். பதில் எதுவும் வரவில்லை. ஆனால் சில நாட்களில் கூகுளின் சாவி 2048 பிட்டாக மாறியிருந்தது. 2012 அக்டோபரில் இது செய்தியாக வெளிவந்தபோது வேறு பல பெரிய நிறுவனங்களிலும் இதே பலவீனம் இருந்தது தெரியவந்தது. 2018இல் விதி இறுகியது: 1024 பிட்டுக்குக் குறைந்த சாவியால் இட்ட கையொப்பம் செல்லாது, 2048 பிட் இருப்பது நல்லது.

போஸ்ட்ஃபிக்ஸோடு ஓபன்டிகிம் அல்லது ஆர்ஸ்பாம்டி என்ற மென்பொருளை இணைத்தால் கையொப்பமிடும் வேலையை அது பார்த்துக்கொள்ளும். தனிச்சாவி இருக்கும் கோப்பை அந்த மென்பொருளைத் தவிர வேறு எதுவும் படிக்க முடியாதபடி உரிமைகளைப் பூட்டி வைக்க வேண்டும். 2048 பிட் பொதுச்சாவியை எழுத்துகளாக மாற்றினால் 255ஐத் தாண்டிவிடும். டி.என்.எஸ். உரைப் பதிவின் ஒரு துண்டு அவ்வளவுதான் தாங்கும் என்பதால் சாவியை இரண்டு துண்டுகளாக எழுத வேண்டியிருக்கும். எழுதும்போது இடையில் ஓர் எழுத்து விடுபட்டாலும் எல்லாக் கையொப்பங்களும் தோற்கும். ஒவ்வொரு சாவிக்கும் 'செலக்டர்' என்று ஒரு பெயர் உண்டு. பழைய சாவி ஒரு பெயரிலும் புதிய சாவி இன்னொரு பெயரிலும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கலாம். எனவே மடல் போக்குவரத்து நிற்காமலே சாவியை மாற்றிவிட முடியும்.

டிகிமிலும் ஓர் ஓட்டை மிஞ்சியிருந்தது. கையொப்பத்தில் எந்த டொமைனின் சாவி என்று குறிப்பிட்டிருக்கும். அது கடிதத்தில் தெரியும் அனுப்புநரின் டொமைனாகவே இருக்க வேண்டும் என்ற விதி இல்லை. மோசடிக்காரர் தன் டொமைனின் சாவியால் முறைப்படி கையொப்பமிட்டு, பெயர் மட்டும் வங்கியுடையதாக எழுதலாம்.

நான்காவது கேள்வி: பெயர்கள் பொருந்துகின்றனவா?

போலி மடல்களால் அதிகம் பாதிக்கப்பட்டவற்றுள் ஒன்று பேபால். அதுவும் கூகுள், யாகூ, மைக்ரோசாஃப்ட் உள்ளிட்ட நிறுவனங்களும் சேர்ந்து 2012 ஜனவரியில் டிமார்க்கை அறிவித்தன. 2015 மார்ச்சில் அது ஆவணமாக வெளிவந்தது. இங்கே பார்த்த முறைகளில், மனிதர் கண்ணில் படும் பெயரோடு மற்றவை பொருந்த வேண்டும் என்று கேட்பது இதுதான். எஸ்.பி.எஃப்.-இல் தேர்ச்சி பெற்ற டொமைன் அல்லது டிகிமில் கையொப்பமிட்ட டொமைன், இரண்டில் ஒன்றாவது கடிதத்தில் தெரியும் அனுப்புநரின் டொமைனோடு பொருந்த வேண்டும். பொருந்தாவிட்டால் என்ன செய்ய வேண்டும் என்பதையும் டொமைன் உரிமையாளரே டி.என்.எஸ்.-இல் எழுதிவைக்கிறார்: ஒன்றும் செய்யாதே, ஸ்பாமில் போடு, மறுத்துவிடு.

முதல் நாளே 'மறுத்துவிடு' என்று எழுதிவிடக் கூடாது. டிமார்க் தரும் பெரிய கொடை அறிக்கைகள்தான். உங்கள் டொமைன் பெயரில் எந்த ஐ.பி. முகவரிகளிலிருந்து எத்தனை மடல்கள் வந்தன, எத்தனை தேறின என்று பெறும் நிறுவனங்கள் வழக்கமாக நாளுக்கு ஒருமுறை தொகுத்து அனுப்பும். அதைப் படித்தால்தான் கணக்குப் பிரிவு எப்போதோ வாங்கிய ஒரு சேவை உங்கள் பெயரில் ரசீது அனுப்பிக்கொண்டிருப்பது தெரியவரும். சில வாரம் 'ஒன்றும் செய்யாதே' நிலையில் வைத்து, விடுபட்ட இடங்களுக்கெல்லாம் கையொப்பம் ஏற்பாடு செய்துவிட்டு, பிறகு படிப்படியாக இறுக்குவதே முறை. மடலே அனுப்பாத டொமைன்களை மட்டும் உடனே பூட்டலாம்: யாருக்கும் அனுமதி இல்லை என்று ஓர் எஸ்.பி.எஃப். பதிவு, மறுத்துவிடு என்று ஒரு டிமார்க் பதிவு.

அவசரப்பட்டால் என்ன ஆகும் என்பதை 2014 ஏப்ரல் காட்டியது. யாகூ தன் பயனர்களின் முகவரிகளுக்கு 'மறுத்துவிடு' என்ற கொள்கையை அறிவித்தது. மடலாடற் குழுக்கள் உறுப்பினர் எழுதும் மடலின் பொருள் வரியில் குழுவின் பெயரைச் சேர்க்கும், அடியில் ஒரு குறிப்பைச் சேர்க்கும். அதனால் கையொப்பம் உடைந்தது. குழுவின் சர்வர் யாகூவின் பட்டியலில் இல்லாததால் எஸ்.பி.எஃப்.-உம் பொருந்தவில்லை. யாகூ பயனர் ஒருவர் எழுதினால், அதைப் பெற மறுத்த மற்ற சேவைகளின் உறுப்பினர்கள் மடல் சேராத முகவரிகள் என்று கருதப்பட்டுக் குழுவிலிருந்தே நீக்கப்பட்டார்கள். இன்று குழு மென்பொருள்கள் அனுப்புநர் வரியில் குழுவின் முகவரியைப் போட்டுச் சமாளிக்கின்றன. இடைப்பட்ட சர்வர்கள் தாம் கண்ட சோதனை முடிவைக் கையொப்பமிட்டுக் கடத்தும் 'ஆர்க்' என்ற முறையும் 2019இல் வந்தது.

சான்று எதற்கு, எதற்கு அல்ல

2024 பிப்ரவரி முதல் கூகுளும் யாகூவும் இவற்றைக் கட்டாயமாக்கின. ஜிமெயிலுக்கு அனுப்பும் யாரும் எஸ்.பி.எஃப்., டிகிம் இரண்டில் ஒன்றாவது வைத்திருக்க வேண்டும், தலைகீழ்ப் பதிவும் டி.எல்.எஸ்.-உம் இருக்க வேண்டும். நாளொன்றுக்கு 5,000 மடல்களுக்கு மேல் அனுப்புவோருக்கு இரண்டும் வேண்டும், டிமார்க்கும் வேண்டும். விளம்பர மடல்களில் ஒரே சொடுக்கில் விலகும் வசதியும் வேண்டும். பெறுபவர்கள் ஸ்பாம் என்று புகார் செய்வது 0.3 சதவீதத்தை எட்டக் கூடாது.

இவ்வளவும் செய்த பிறகும் முதல் சில மடல்கள் ஸ்பாமில் விழுந்தால் மனம் தளர வேண்டாம். சான்று சொல்வது யார் என்பதை மட்டும். நல்லவரா என்பதை அது சொல்லாது. ஸ்பாம் அனுப்புவோரும் டொமைன் வாங்கி முறைப்படி கையொப்பமிடுகிறார்கள். வங்கியின் பெயரைப்போலவே தோன்றும், ஓர் எழுத்து மட்டும் மாறிய டொமைனை எந்தக் கையொப்பமும் தடுக்காது. அதைப் படிப்பவர்தான் கவனிக்க வேண்டும். ஆனால் பெயர் உறுதியானதும் அதன்மீது நற்பெயர் சேரத் தொடங்குகிறது. யாரும் திருட முடியாத பெயரில்தான் நற்பெயரைச் சேர்த்துவைக்க முடியும். புதிய சர்வர் குறைவான மடல்களில் தொடங்கி, கேட்டவர்களுக்கு மட்டும் அனுப்பி, அளவைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுவதே அதற்கான வழி.

இதில் பெரிய நிறுவனங்களுக்கும் கடமை இருக்கிறது. எல்லாச் சோதனையும் தேறிய ஒரு சிறிய சர்வரின் மடலை மறுத்தால், என்ன காரணம், எங்கே முறையிடுவது என்று தெளிவாகச் சொல்ல வேண்டும். காரணம் தெரியாமல் ஒதுக்கப்பட்டுச் சலித்துப்போய், பள்ளிகளும் சங்கங்களும் சிறு பதிப்பகங்களும் தங்கள் கடிதப் போக்குவரத்தை இரண்டு மூன்று நிறுவனங்களிடம் ஒப்படைத்துவிடுகின்றன. இப்படியே போனால் பெயரளவில் மட்டும் திறந்த ஓர் அமைப்பு மிஞ்சும்.

வாட்ஸ்அப்பில் எழுத வாட்ஸ்அப்பின் அனுமதி வேண்டும். மின்னஞ்சலில் எழுத யாருடைய அனுமதியும் வேண்டாம்; ஒரு டொமைனும் ஓர் ஐ.பி. முகவரியும், யாரும் படிக்கக்கூடிய சில டி.என்.எஸ். பதிவுகளும் போதும். நாற்பது ஆண்டுப் பழமையான நெறிமுறையைத் தூக்கி எறியாமல், அதன் திறந்த தன்மையையும் கெடுக்காமல், பெயருக்குச் சான்று கேட்கும் வழியைப் பொறியாளர்கள் கண்டிருக்கிறார்கள். ஒருமுறை பொறுமையாகச் செய்து முடித்து, அறிக்கைகளை அவ்வப்போது பார்த்துக்கொண்டால், அந்த உரிமை நம் கையில் இருக்கும். கணினி தெரிந்தவர்கள் உள்ள ஒவ்வொரு அமைப்பும் இதைத் தானே நடத்திப் பார்க்க வேண்டும். பயன்படுத்துகிறவர்கள் இருக்கும் வரைதான் திறந்த அமைப்பு திறந்திருக்கும்.